ஹம்காவின் கப்பல்

ஜாவாத் தீவின் வடகரையில், லாமோங்கான் மாவட்டத்தில், புரோண்டோங் என்றொரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் கட்டிவைத்த நினைவுச்சின்னம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. 1936 அக்டோபர் 20 அன்று அந்தக் கடலில் மூழ்கிய ஒரு கப்பலின் பயணிகளைக் காப்பாற்றிய உள்ளூர் மீனவர்களுக்கு அது டச்சிலும் மலாயிலும் நன்றி சொல்கிறது. கப்பலின் பெயர் வான் டெர் வைக். டச்சு இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஒருவரின் பெயர் அது. 1921இல் ராட்டர்டாமில் கட்டப்பட்ட கப்பல். கே.பி.எம். என்ற டச்சு நிறுவனத்துக்காகத் தீவுக்குத் தீவு ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் இந்தக் கடல்களில் மூழ்கிய கப்பல்கள் எத்தனையோ. அவற்றின் பெயரெல்லாம் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? இந்த ஒரு பெயர் மட்டும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் மலாய் படித்தவர்களின் வாயில் இன்னும் புழங்குகிறது என்றால், காரணம் ஒரு காதல் கதை. விபத்து நடந்து இரண்டு வருடம் கழித்து, 1938இல், சுமத்ராவின் மேடான் நகரத்திலிருந்து வந்த ‘பெடோமான் மாசியாராகாட்’ என்ற வாரப் பத்திரிகையில் அது தொடராக வந்தது. அடுத்த ஆண்டு புத்தகமானது. பெயர், ‘தெங்கெலாம்ஞா காபால் வான் டெர் வைக்’. தமிழில் சொன்னால், வான் டெர் வைக் கப்பல் மூழ்கிய கதை.

முடிவைத் தலைப்பிலேயே போட்டு உடைத்துவிட்ட நாவல் இது. கப்பல் மூழ்கும் என்று தெரிந்துகொண்டுதான் எல்லாரும் படிக்க உட்காருகிறார்கள். அப்படியும் படிக்கிறார்கள், அழுகிறார்கள், அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுகிறார்கள். இத்தனைக்கும் எழுதியவர் தொழில்முறை நாவலாசிரியர்கூடக் கிடையாது. அவர் ஓர் உலமா. ஒரு மார்க்க அறிஞர் எழுதிய காதல் கதை எப்படி 80 வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஹம்கா என்பது சுருக்கப் பெயர். முழுப்பெயர் ஹாஜி அப்துல் மாலிக் கரீம் அம்ருல்லா. 1908இல் மேற்குச் சுமத்ராவில், மானிஞ்சாவ் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அப்பா ஹாஜி ரசூல், மினாங்கபாவ் பகுதியில் இஸ்லாமியச் சீர்திருத்தத்தை முன்னெடுத்த பெரிய ஆலிம். வீட்டில் மார்க்கக் கல்விக்குப் பஞ்சமில்லை, நிம்மதிக்குத்தான் பஞ்சம். ஹம்காவுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் உட்காரவில்லை, ஊர் சுற்றினான். 1927இல் மக்காவுக்குப் போய் அங்கே ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். பட்டம் என்று எதுவும் கையில் இல்லாமலேயே 1936இல் மேடான் பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

ஆலிம் ஒருவர் காதல் கதை எழுதுவதா என்று அன்றே முணுமுணுப்பு கிளம்பியது. காதலும் கண்ணீருமாக வாராவாரம் தொடர் எழுதுகிறவரைப் பின்னால் நின்று தொழுவது எப்படி என்பது அவர்களுடைய கவலை. சில வருடங்களில் அந்தச் சத்தம் அடங்கிப்போனது. வாசகர்கள்தான் அடக்கினார்கள் என்று சொல்லலாம்.

கதைக்குள் போவதற்கு முன் மினாங்கபாவ் சமூகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் இந்த நாவல் வெறும் ஏழைக் காதலன், பணக்கார மாப்பிள்ளை கதையாகத் தெரியும்.

மினாங்கபாவ் மக்கள் தாய்வழியினர். ஒருவருடைய குலம், அவர்கள் சொல்லில் ‘சுகு’, அம்மாவிடமிருந்து வருகிறது. வீடும் வயலும் பெண் வழியில் இறங்குகின்றன. ஆனால் அந்தச் சொத்தைப் பற்றிப் பேசி முடிவெடுக்கிறவர் தாய்மாமன், ‘மாமாக்’. தன் பிள்ளைகளைவிடச் சகோதரியின் பிள்ளைகளுக்கே அவர் பொறுப்பு. நமக்கு இது புதிதில்லை. நாஞ்சில் நாட்டில் இதைத்தான் மருமக்கள் வழி என்றார்கள். அப்பன் சம்பாதித்தது பிள்ளைக்குப் போகாமல் மருமகனுக்குப் போகிற கூத்தைக் கவிமணி ‘மருமக்கள் வழி மான்மியம்’ எழுதிக் கிழித்தெடுத்தார். மலேசியாவிலேயே நெகிரி செம்பிலானில் குடியேறிய மினாங்கபாவ் மக்கள் கொண்டுவந்த ‘அடாட் பெர்பாத்தே’ என்ற தாய்வழி மரபு இன்னும் இருக்கிறது. சிரம்பான் பக்கம் போகிறவர்கள் எருமைக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த கூரைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூரைக்கும் இந்த நாவலுக்கும் ஒரே பிறந்தகம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. மினாங்கபாவ் ஆண் ஒருவன் வெளியூர்ப் பெண்ணைக் கட்டினால் பிறக்கிற பிள்ளைக்குச் சுகு கிடையாது. அம்மா வேற்றினம் என்பதால் அப்பாவின் ஊரில் அது அந்நியப் பிள்ளை. அம்மாவின் ஊர் தந்தைவழி பார்க்கிற ஊராக இருந்துவிட்டால், அங்கேயும் அது அந்நியப் பிள்ளைதான்.

ஹம்காவின் கதாநாயகன் ஜைனுடின் அப்படிப்பட்ட பிள்ளை. அப்பா பத்திபுஹ் கிராமத்து மினாங்கபாவ்காரர். சொத்து விஷயத்தில் தாய்மாமனோடு தகராறு முற்றி அவரைக் கொன்றுவிட்டு, ஜாவாவின் சிலாசாப் சிறையில் பல வருடம் கிடந்து, பிறகு ஊர் திரும்ப மனமில்லாமல் மக்காசார் போய்விடுகிறார். அங்கே உள்ளூர்ப் பெண்ணைக் கட்டுகிறார். ஜைனுடின் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இருவரும் செத்துப்போக, மாக் பாசே என்ற கிழவி வளர்க்கிறாள். மக்காசாரில் அவனைப் ‘பாடாங்காரன்’ என்கிறார்கள். சரி, அப்பாவின் மண்ணுக்குப் போவோம் என்று கடல் தாண்டி பத்திபுஹ் வந்தால், அங்கே அவன் ‘மக்காசார்காரன்’.

இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான் காதல் வருகிறது. மழையில் மாட்டிக்கொண்ட ஹயாத்திக்கு அவன் குடை கொடுக்கிறான். குடையைத் திருப்பிக் கொடுக்கும்போது கடிதம் தொடங்குகிறது. கடிதம் ஊர்ப்பேச்சாகிறது. ஹயாத்தியின் தாய்மாமன் அவனைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல், மரியாதையாக, ஊரைவிட்டுப் போய்விடு தம்பி என்கிற தோரணையில் பேசி அனுப்புகிறார். அந்த மரியாதைதான் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. அடித்து விரட்டினால் எதிர்த்து நிற்கலாம். நல்ல பையன்தான், என்ன செய்வது, நம்ம ஆள் இல்லையே என்று வருத்தத்தோடு சொல்கிறவரை எதைக் கொண்டு எதிர்ப்பது?

அவன் பக்கத்து நகரமான பாடாங் பாஞ்சாங்குக்குப் போகிறான். காத்திருப்பேன் என்று ஹயாத்தி சத்தியம் செய்து கொடுக்கிறாள். பிறகு அவள் தோழி கதீஜாவின் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறாள். தோழியின் அண்ணன் அஸிஸ், சுத்தமான மினாங்கபாவ் வம்சம், நகரத்து உடை, கையில் காசு. அவனும் பெண் கேட்கிறான், ஜைனுடினும் கடிதம் எழுதிப் பெண் கேட்கிறான். மாக் பாசே இறந்து கணிசமான பணம் அவனுக்கு வந்திருக்கிறது. அதைக் கடிதத்தில் அவன் சொல்லவில்லை. காசுக்காக இல்லாமல் தனக்காகத் தன்னை ஏற்கவேண்டும் என்கிற பிடிவாதம். குலப்பெரியவர்கள் கூடிப் பேசி அஸிஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஹயாத்தி தலையாட்டுகிறாள். ஜைனுடின் படுத்த படுக்கையாகிறான்.

இதுவரை வாசித்தவர்கள், சரி, மரபுக்கும் காதலுக்குமான சண்டை என்று முடிவுகட்டிவிடலாம். விமர்சகர்கள் பலரும் அப்படித்தான் இதை வகைப்படுத்தினார்கள். தவறில்லை. ஆனால் அந்தக் காலத்தில் மினாங்கபாவ் எழுத்தாளர்கள் இந்தச் சண்டையை எழுதிக் குவித்திருக்கிறார்கள். 1922இல் வந்த மாரா ருஸ்லியின் ‘சித்தி நூர்பாயா’ அதில் மிகப் புகழ்பெற்றது. கடனுக்காகக் கிழவனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணின் கதை. அந்தக் கிழவன் டத்தோ மெரிங்ஙிஹ் இன்றும் கட்டாயக் கல்யாணத்துக்கு ஒரு குறியீடு மாதிரி பேச்சில் வருகிறார். அந்த நாவலை நான் மரியாதையோடு படித்தேன். ஹம்காவினுடையதைத் தூக்கம் கெட்டுப் படித்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கதையின் பின்பாதியில் இருக்கிறது.

‘சித்தி நூர்பாயா’வில் கெட்டவன் யார் என்று கடைசிவரை சந்தேகமே கிடையாது. ஹம்கா அந்த வசதியை நமக்குத் தரவில்லை.

உடம்பு தேறிய ஜைனுடின், முலுக் என்ற நண்பனோடு ஜாவாவுக்குப் போகிறான். முதலில் பத்தாவியா, பிறகு சுராபாயா. ‘Z’ என்ற ஒற்றை எழுத்துப் புனைபெயரில் அவன் கதைகள் புகழ்பெறுகின்றன. நாடகம் போடுகிறான், காசு சேருகிறது. சுராபாயாவில் சுமத்ரா இளைஞர்கள் நடத்தும் சங்கம் ஒன்றில் அவன் முக்கியப் புள்ளி. இதைச் சட்டென்று தாண்டிப்போகக் கூடாது. எந்தச் சுமத்ரா அவனுக்கு இடமில்லை என்றதோ, அந்தச் சுமத்ராவின் பிள்ளைகளுக்கு வெளியூரில் அவன் முகவரி ஆகிறான். 1928இல் பத்தாவியாவில் கூடிய இளைஞர்கள் ஒரே தாயகம், ஒரே மக்கள், ஒரே மொழி என்று உறுதிமொழி எடுத்து அப்போது பத்தே வருடம் ஆகியிருந்தது. பத்திபுஹ் கிராமத்தில் மக்காசார்காரனாக இருந்தவன் சுராபாயாவில் இந்தோனேசியனாகிறான். இனி வரப்போகும் நாட்டைப் பற்றிய ஹம்காவின் கனவு அந்தப் பகுதியில் இருக்கிறது. எங்கேயும் பிரசங்கம் செய்யாமல், ஓர் அழைப்பிதழ், ஒரு நாடக இரவு என்று கதையோட்டத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறார்.

அஸிஸும் ஹயாத்தியும் அதே சுராபாயாவுக்கு வேலை மாற்றலாகி வருகிறார்கள். அஸிஸ் சூதாடி, கடன்பட்டு, வீட்டை இழக்கிறான். தங்க இடமில்லாமல் இருவரும் ஜைனுடின் வீட்டுக்கே வருகிறார்கள். அவன் சேர்த்துக்கொள்கிறான். பிறகு அஸிஸ் பாஞ்ஞுவாஙிக்குப் போய், மனைவியை விடுவித்துக் கடிதம் எழுதிவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறான். ஹயாத்தி ஜைனுடினிடம் வந்து நிற்கிறாள். மனைவியாக வேண்டாம், வேலைக்காரியாகவாவது இந்த வீட்டில் இருந்துவிடுகிறேன் என்று கேட்கிற நிலை.

வாசகர்கள் இத்தனை பக்கமும் காத்திருந்தது இந்த இடத்துக்காகத்தான். தடை எதுவும் இல்லை. மாமன் இல்லை, ஊர் இல்லை, கணவன் இல்லை. அவனுக்குக் காசும் பெயரும் இருக்கின்றன. அவன் அவளை இன்னமும் நேசிக்கிறான், வீட்டில் அவள் படத்தை வைத்துத்தான் இத்தனை நாளும் வாழ்ந்திருக்கிறான்.

அவன் முடியாது என்கிறான்.

நீ எனக்குச் செய்ததை மறந்துவிட்டாயா என்று அவளை வார்த்தையால் கிழிக்கிறான். உன் ஊருக்கே போ, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கப்பலேற்றி அனுப்புகிறான். அந்தக் கப்பல்தான் வான் டெர் வைக்.

இந்தக் காட்சியைப் படித்தபோது எனக்குப் பத்திபுஹ் மாமனின் ஞாபகம் வந்தது. நீ நல்லவன்தான், ஆனால் உன் இடம் இதுவல்ல, கிளம்பு என்று அவர் சொன்னார். இப்போது ஜைனுடின் சொல்வதும் அதுதானே? ஒருவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். அவன் ஊர் ஊராகப் போய்ச் சொந்தமாக ஒரு வீட்டைக் கட்டினான். கடைசியில் அவனும் அதே மாதிரி ஒரு கதவை வைத்து, அதே மாதிரி சாத்துகிறான். மரபை எதிர்த்துக் கதை எழுத உட்கார்ந்த சீர்திருத்தவாதி, மரபால் அடிபட்டவனுக்குள்ளேயே அந்த மாமன் குடியேறிவிட்டதை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இந்த நாவல் நீடிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாமன்களின் அதிகாரம் காலத்தில் கரைந்துபோகும். 1930களின் கல்யாண வழக்கங்கள் பல இன்று இல்லை. அவற்றை மட்டும் எதிர்த்த நாவல்கள் தேர்வுத்தாளில்தான் மிச்சமிருக்கின்றன. அவமானப்பட்டவன் தன் அவமானத்தையே ஒரு தராசாக்கி இன்னொருவரை நிறுக்கும் பழக்கம் மட்டும் காலாவதியாவதில்லை. காதலில் உடைந்த யாரும், ஒருநாள் நான் பெரிய ஆளாகி நிற்பேன், அப்போது நீ வந்து கேட்பாய், நான் முடியாது என்பேன் என்று ஒருமுறையாவது மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பார்கள். ஹம்கா அந்த ஒத்திகையை முழுசாக மேடையேற்றிக் காட்டுகிறார். பணம், புகழ், மன்னிப்புக் கேட்டு நிற்கும் காதலி, எதுவும் குறையில்லை. பிறகு என்ன ஆகும் என்றும் காட்டுகிறார். அவள் போன பிறகு அவள் எழுதிவைத்த கடிதத்தைப் படிக்கிறான். பின்னாலேயே போய் அழைத்து வந்துவிடலாம் என்று கிளம்பும்போது கப்பல் மூழ்கிய செய்தி வருகிறது. லாமோங்கானில் மருத்துவமனைக் கட்டிலில் அவளைப் பார்க்கிறான். அவள் இறந்துபோகிறாள். அதன் பிறகு அவனும் அதிக காலம் இருக்கவில்லை.

இங்கே உண்மையான ஒரு கப்பலின் பெயரை ஹம்கா பயன்படுத்தியது சாதாரண விஷயமில்லை. 1938இல் அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய செய்தி நன்றாக ஞாபகம் இருந்திருக்கும். கற்பனைக் கப்பல் என்றால் ஆசிரியர் மனசு வைத்தால் காப்பாற்றிவிடலாம். வான் டெர் வைக்கை யாராலும் காப்பாற்ற முடியாது, அது ஏற்கெனவே கடலுக்கடியில் கிடக்கிறது. ஹயாத்தி அந்தக் கப்பலில் கால் வைக்கும்போதே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. ஜைனுடினுக்கு மட்டும் தெரியாது. கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற இன்னும் நேரம் இருக்கிறது என்று நாம் எப்போதும் நினைக்கிறோம் இல்லையா? அந்த நினைப்பின் மேல்தான் ஹம்கா கப்பலை ஓட்டுகிறார்.

குறைகளைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. இந்த நாவலில் கண்ணீர் அதிகம். கடிதங்கள் நீளம். பக்கத்துக்குப் பக்கம் யாராவது விதியை நொந்துகொள்கிறார்கள். பெண்கள் இப்படித்தான் என்று ஆண்கள் பொதுவாகத் தீர்ப்புச் சொல்லும் இடங்களில் இன்றைய வாசகிக்குப் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றும். ஹயாத்திக்குச் சொந்தமாக ஒரு முடிவுகூடக் கிடையாது என்று ஒரு தோழி என்னிடம் எரிச்சலாகச் சொன்னாள். அவள் சொல்வது சரி. ஆனால் அந்தக் குறைக்குள்ளும் ஓர் உண்மை இருக்கிறது. பெண் வழியில் வீடும் நிலமும் இறங்குகிற சமூகத்தில்கூட, அந்த வீட்டுப் பெண் யாரைக் கட்டவேண்டும் என்பது ஆண்கள் கூடிய கூட்டத்தில் முடிவாகிறது. சொத்து பெண் வழியில், சொல் ஆண் வாயில். ஹயாத்தி ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று ஜைனுடின் கேட்கிறான். பேசியிருந்தால் அவள் எங்கே போயிருப்பாள் என்று அவன் யோசிக்கவில்லை. நாவல் அதை வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், வாசகர் யோசிப்பதற்கான எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிடுகிறது.

1962இல் இந்தப் புத்தகத்தை மூழ்கடிக்க ஒரு முயற்சி நடந்தது. ‘பிந்தாங் தீமூர்’ என்ற இடதுசாரி நாளிதழின் ‘லெந்தேரா’ பண்பாட்டுப் பகுதியில், ஹம்கா காப்பியடித்தார் என்று வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. அப்துல்லா எஸ்.பி. என்ற பெயரில் குற்றச்சாட்டு வந்தது. பகுதியின் ஆசிரியர் வேறு யாருமில்லை, ப்ரமூத்யா அனந்த தூர். சுகார்னோ காலத்து அரசியலில் இடதுசாரி எழுத்தாளர்கள் ஒரு பக்கம், ஹம்கா போன்ற மார்க்கத் தலைவர்கள் மறுபக்கம். ஆக, இது வெறும் இலக்கியச் சண்டையில்லை.

குற்றச்சாட்டில் சரக்கும் இருந்தது. அல்போன்ஸ் கார் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1832இல் ஒரு காதல் நாவல் எழுதினார். எகிப்தின் மன்ஃபலூத்தி அதை அரபு மொழியில் ‘மஜ்தூலின்’ என்று தன் பாணியில் திருப்பி எழுதினார். மன்ஃபலூத்திக்குப் பிரெஞ்சு தெரியாது. மற்றவர்கள் சொல்லக் கேட்டுத்தான் எழுதினார் என்பது ஒரு சுவாரசியம். ஹம்கா மன்ஃபலூத்தியின் ரசிகர். ஏழைக் காதலன், வாக்குத் தவறும் காதலி, வசதியான மாப்பிள்ளை, அவனுடைய தற்கொலை, திரும்பி வருகிறவளை மறுப்பது என்று எலும்புக்கூடு இரண்டிலும் ஒன்றுதான். இலக்கிய விமர்சகர் எச்.பி. ஜாசின் ஹம்காவுக்காக வாதாடினார். பாதிப்பு உண்டு, ஆனால் ஆசிரியர் தன் மண்ணையும் தன் அனுபவத்தையும் வைத்து வேறொன்று செய்திருக்கிறார் என்பது அவர் நிலைப்பாடு. இரண்டு தரப்புக் கட்டுரைகளும் 1963இல் தனி நூலாகவே வந்தன.

என் பார்வையில், எதை எங்கிருந்து எடுத்தார் என்பதைவிட எதைப் புதிதாகக் கொண்டுவந்து வைத்தார் என்பதுதான் பதில். காதலனை ஏழையாக மட்டும் வைத்திருந்தால், கையில் காசு வந்ததும் பிரச்சினை தீர்ந்திருக்கவேண்டும். ஹம்காவின் காதலனிடம் காசு இருக்கும்போதே அவனை மறுக்கிறார்கள். காசால் வாங்கமுடியாத ஒன்று அவனிடம் இல்லை, அது சுகு. அந்தக் காயம் பாரிஸிலிருந்தோ கெய்ரோவிலிருந்தோ வரவில்லை, மானிஞ்சாவிலிருந்து வந்தது.

1964 ஜனவரியில் ஹம்கா கைதானார். மலேசியாவோடு கொன்ஃப்ரொந்தாசி நடந்துகொண்டிருந்த நேரம். மலேசியாவோடு சேர்ந்து அரசுக்கு எதிராகச் சதி செய்தார் என்பது அவர்மேல் சுமத்திய பழி. இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அங்கேதான் ‘தஃப்சீர் அல்-அஸ்ஹார்’ என்ற தன் குர்ஆன் விளக்க நூலின் பெரும்பகுதியை எழுதினார். சுகார்னோவின் அதிகாரம் சரிந்த பிறகு, 1966இல், வெளியே வந்தார். 1965க்குப் பிறகு ப்ரமூத்யாவின் முறை. விசாரணையே இல்லாமல் பூரூ தீவு உட்படப் பல வருடச் சிறை. ஒருவர் வெளியே வர, மற்றவர் உள்ளே போனார்.

இனி நான் சொல்லப்போவது நாவலுக்கு வெளியே நடந்தது. ஆனால் எனக்கு அது நாவலின் கடைசி அத்தியாயம் மாதிரித்தான் படுகிறது.

1970 ஜூனில் சுகார்னோ இறந்தார். புதிய ஆட்சியில் வீட்டுக்காவலில், கைவிடப்பட்ட நிலையில். அவருக்கான ஜனாஸா தொழுகையை நடத்தியது, அவருடைய அரசால் சிறைவைக்கப்பட்ட ஹம்கா. சுகார்னோவே அப்படி விரும்பிக் கேட்டிருந்தார் என்று ஹம்காவின் மகன் இர்ஃபான் தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். அதே நூலில் இன்னொன்றும் வருகிறது. ப்ரமூத்யாவின் மகளைக் கட்டவிருந்தவர் வேற்று மதத்தவர். இஸ்லாத்தைக் கற்றுக்கொண்டு வா என்று அவரை ப்ரமூத்யா அனுப்பியது ஹம்காவிடம். பழைய கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஹம்கா அவரைச் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார்.

முப்பது வயதில் ஜைனுடினை எழுதியவர் இவர். வாசலில் வந்து நின்றவளை மன்னிக்க முடியாமல் கப்பலேற்றிய ஒருவனைப் படைத்தவர், அறுபது வயதுக்கு மேல், தன் வாசலுக்கு வந்தவர்களை உள்ளே வரச்சொன்னார். தான் எழுதிய நாவலுக்கு ஒரு மனிதன் தன் வாழ்க்கையால் பதில் எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது. ப்ரமூத்யாவும் தன் பங்குக்கு ஒரு பதில் எழுதியிருக்கிறார். காப்பியடித்தவர் என்று தன் பத்திரிகையில் சாடப்பட்ட ஒருவரிடம், தன் வீட்டு விசேஷத்துக்கு ஆள் அனுப்ப ஒரு நெஞ்சு வேண்டும்.

ஹம்கா 1981இல் மறைந்தார். அதற்கு முன், 1974இல், மலேசியாவின் தேசியப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. எந்த நாட்டோடு சதி செய்தார் என்று சிறையில் போட்டார்களோ, அந்த நாடு. நாவல் அவரைத் தாண்டியும் ஓடியது. 2013இல் சுனில் சொராயா இயக்கிய படம் வந்தபோது இந்தோனேசியத் திரையரங்குகளில் 1.5 மில்லியனுக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பெரும்பகுதி, நாவலைப் பாடத்தில் மட்டும் கேள்விப்பட்டிருந்த இளைஞர்கள். ஜைனுடின் ஹயாத்தியை மறுக்கும் வசனங்களை இணையத்தில் வெட்டி வெட்டிப் பகிர்ந்தார்கள், காதலில் ஏமாந்தவர்களின் வெற்றி முழக்கம் மாதிரி. அந்த வசனத்தைச் சொன்னவன் பிற்பாடு எப்படி அழிந்தான் என்பது அந்தத் துணுக்குகளில் வருவதில்லை. ஒரு நாவல் பிரபலமாவதன் விலை அது. ஆனாலும் பாருங்கள், அவன் செய்தது சரியா தவறா என்று இன்னும் சண்டை நடக்கிறது. சண்டை இருக்கும்வரை நாவல் உயிரோடு இருக்கிறது.

இதை நான் மலாயில்தான் படித்தேன். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை என்பதே எனக்கு ஒரு செய்தியாக இருந்தது. பதினொரு வருடம் பள்ளியில் நாம் மலாய் படிக்கிறோம். தேர்வுக்கு, வேலைக்கு, அலுவலகத்துக்கு என்று அந்த மொழியைப் பயன்படுத்துகிறோம். ரசித்துப் படிப்பதற்கு மட்டும் தமிழையோ ஆங்கிலத்தையோ தேடிப்போகிறோம். பழைய சுமத்ரா மலாய் கொஞ்சம் தடுக்கும், ஓர் அகராதி பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு பாரத்திலும் ‘பங்சா’ என்றொரு கட்டத்தை நிரப்பிப் பழகியவர்கள் நாம். கலப்புமணப் பிள்ளைகள் அந்தக் கட்டத்தின் முன் ஒரு நொடி பேனாவை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அப்பா பக்கத்து விருந்தில் ஒரு பெயர், அம்மா பக்கத்து விருந்தில் இன்னொரு பெயர், பாரத்தில் ‘லாயின்-லாயின்’. அவர்களுக்கு ஜைனுடினை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, முதல் முப்பது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்கள் பத்திபுஹ் மாமனைக் கவனித்துப் படிக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. மரியாதை தெரிந்தவர். நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளில், நல்ல பையன்தான், ஆனா நம்ம ஆளுங்க இல்லையே என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிற பெரியப்பாவைப் போலவே பேசுவார்.